கோப்பும் குறிப்பேடும்: 'ப்ரெஷஸ்' திரைப்படம் எழுப்பும் அறவினா

எழுத்தறிவு மனிதரை விடுவிக்கும் என்பது கல்விச் சிந்தனையில் பெரும்பாலும் மெய்ப்பிக்க வேண்டாத உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. லீ டேனியல்ஸ் இயக்கி 2009இல் வெளிவந்த 'ப்ரெஷஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படமும் அவ்வுண்மைக்கு ஒரு சான்றாகவே பலராலும் பார்க்கப்பட்டது. சஃபையர் 1996இல் வெளியிட்ட 'புஷ்' என்னும் நாவலைத் தழுவியது இப்படம். களம் நியூயார்க் நகரின் ஹார்லெம், ஆண்டு 1987. கிளாரீஸ் ப்ரெஷஸ் ஜோன்ஸ் என்னும் பதினாறு வயதுக் கறுப்பினப் பெண், பெற்ற தந்தையின் வன்புணர்வால் இரண்டாம் முறை கருவுற்றிருக்கிறாள். தாய் மேரியோ நாள்தோறும் அவளை வைதும் அடித்தும் வருத்துகிறாள். கருவுற்றிருப்பது தெரிந்ததும் பள்ளி அவளை வெளியேற்றுகிறது. மாற்றுப் பள்ளி ஒன்றில் சேர்ந்து, புளூ ரெயின் என்னும் ஆசிரியையிடம் அவள் எழுத்துக் கற்கிறாள். இவ்வளவில் நிறுத்தினால், கல்வி துன்பத்தை வென்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

படம் இவ்வளவில் நிற்கவில்லை. தந்தை எய்ட்ஸ் நோயால் இறந்த செய்தி வருகிறது, ப்ரெஷஸுக்கும் எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியாகிறது. ஏ.இசட்.டி. மருந்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்ததே 1987 மார்ச்சில்தான். நோயைக் கட்டுக்குள் வைக்கவல்ல கூட்டு மருந்துமுறை பரவலானது, நாவல் வெளிவந்த 1996ஆம் ஆண்டை ஒட்டியே. ஆகவே கதை நிகழும் காலத்தில் அத்தொற்று ஏறத்தாழ மரணத் தீர்ப்பு. இறுதிக் காட்சியில் அவளிடம் எஞ்சியிருப்பவை இரு குழந்தைகள், இந்நோய், முடிவுறாத பள்ளிப் படிப்பு ஆகியவையே. வேலையில்லை, தனக்கென வீடில்லை. அவ்வாறாயின் எழுத்து எதைத்தான் வென்றது? இவ்வினாவுக்குப் படத்தினின்றும் அதன் மூலமான நாவலினின்றும் விடை தேட இக்கட்டுரை முற்படுகிறது.

எண்ணும் எழுத்தும்

எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்குக் கண்கள் என்கிறது திருக்குறளின் கல்வி அதிகாரம். ப்ரெஷஸைப் பொறுத்தவரை இவ்விணையை நாம் வழக்கத்தினும் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு எண் தெரியும். கணக்கு வகுப்பு அவளுக்குப் பிடித்தமானது. அதில் நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறாள். எழுத்துத்தான் தெரியாது. நாவலில் நூற்பக்கங்கள் எல்லாம் தனக்கு ஒன்றுபோலவே தோன்றுவதாகச் சொல்கிறாள். பதினாறு வயதில் நடுநிலைப் பள்ளியின் இறுதி வகுப்புவரை வந்துவிட்ட ஒரு மாணவிக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை ஒரு பெருநகரின் பள்ளியமைப்பு கண்டுகொள்ளவில்லை. அல்லது கண்டும் பேசவில்லை. பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பருத்த கறுப்புப் பெண், தொல்லை தராதவரை, யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

அதே அதிகாரம் கல்லாதவரின் கண்களைப் புண்கள் என அடுத்த குறளிலேயே கடிகிறது. கற்க வாய்ப்பிருந்தும் கல்லாதாரை நோக்கிய கடுஞ்சொல்லாகவே அதனைக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வாய்ப்பு மறுக்கப்பட்டோர்மீது அச்சொல்லை ஏவினால் அது அறமாகாது. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பொறுத்தவரை எழுத்தறியாமை தற்செயலாக நேர்ந்ததன்று, சட்டத்தால் ஆக்கப்பட்டது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இலேயே தண்டனைக்குரியதாக்கியது. பின்னர் வேறு பல தென்மாநிலங்களும் அவ்வாறே செய்தன. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பால்டிமோர் நகரில் தமக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கிய எசமானியை அவளுடைய கணவன் தடுத்த நிகழ்ச்சியை விரித்துரைக்கிறார். எழுத்தறிந்த அடிமை அடிமையாக நீடிக்கமாட்டான் என்பதே அவன் அச்சம். தமக்கு உண்மை விளங்கியது அத்தடையினால்தான் என்கிறார் டக்ளஸ். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் வாக்குரிமைக்கு எழுத்தறிவுத் தேர்வு ஒரு தடையாக நிறுத்தப்பட்டது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் தொடங்கி 1975இல்தான் அத்தேர்வுகள் நாடு முழுமைக்கும் நிலையாக நீக்கப்பட்டன. ப்ரெஷஸ் சேரும் மாற்றுப் பள்ளியின் பெயர் 'ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம்' என்னும் பொருளுடையது; அடிமைக்கால வழக்கிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் தொடர் அது. இவ்வரலாற்றைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. பள்ளியின் பெயர்ப்பலகையோடு அதனை நிறுத்திக்கொள்கிறது.

கோப்பு

எழுத்து விடுதலைக் கருவி மட்டுமன்று என்பதை மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1955இல் தம் பிரேசில் பயண நூலில் வலியுறுத்தினார். எழுத்தறியாத நம்பிக்குவாரா இனத் தலைவர் ஒருவர், தாளில் கோடுகளைக் கிறுக்கி, அதனைப் படிப்பதுபோல் நடித்துத் தம் மக்கள்முன் அதிகாரத்தை நிலைநாட்ட முயன்றதை அவர் கண்டார். அறிவைப் பெருக்குவதற்கு முன்பே மனிதரை ஆள்வதற்கும் கணக்கெடுப்பதற்குமே எழுத்துப் பயன்பட்டது என்னும் முடிவுக்கும் வந்தார். அம்முடிவு மிகையானது என மறுத்தோர் உளர். ஆயினும் ப்ரெஷஸின் வாழ்வில் எழுத்து முதலில் இவ்வடிவிலேதான் வருகிறது. தனக்கு எழுதத் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே அவள் எழுதப்பட்டுவிட்டாள். பள்ளிப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, சமூகநல அலுவலகக் கோப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் அவள் இருக்கிறாள். ஒன்றையும் அவளால் படிக்க இயலாது.

இதன் கொடிய சான்று அவளுடைய முதற்குழந்தையின் பெயர். டவுன் நோய்க்குறியோடு பிறந்த அக்குழந்தையை எல்லோரும் 'மாங்கோ' என்றே அழைக்கின்றனர். அந்நோய்க்குறியைச் சுட்ட முன்னர் மருத்துவத்தில் வழங்கி, இன்று இழிசொல்லாகக் கைவிடப்பட்ட ஒரு சொல்லின் சுருக்கம் அது. கோப்பில் எழுதப்பட வேண்டிய நோய்ப்பெயர் குழந்தையின் பெயராகவே நிலைத்துவிட்டது. ப்ரெஷஸ் அன்போடுதான் அப்பெயரைச் சொல்கிறாள். அவ்வன்பு மெய்யானது என்பதனாலேயே அக்காட்சி தாங்கவொண்ணாததாகிறது.

தாய் மேரியும் கோப்பை நன்கறிந்தவள். உதவித்தொகையை உறுதிசெய்ய அலுவலர் வீட்டுக்கு வரும்போது பொய்முடி அணிந்து, வேறிடத்தில் பாட்டியிடம் வளரும் பேத்தியை வரவழைத்து மடியில் இருத்தி, பரிவுள்ள பாட்டியாக நடிக்கிறாள். அலுவலர் சென்ற மறுகணமே குழந்தையைத் தள்ளிவிடுகிறாள். மேரியைப் போன்ற பெண்களைக் காட்டி உதவித்தொகைத் திட்டத்தையே இகழும் வழக்கம் அமெரிக்க அரசியலில் 1970களிலிருந்து வலுப்பெற்றிருந்தது. நாவல் வெளிவந்த அதே 1996இல் அத்திட்டத்தை வெட்டிச் சுருக்கும் சட்டம் நிறைவேறியது. இச்சூழலில் இக்காட்சி ஆபத்தானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கோப்பை நிரப்புவதற்கென்றே வருவோர் கோப்புக்கென்றே நடிப்பவரைத்தான் காண்பர். அதில் மேரியின் கயமை பாதியென்றால், கோப்பின் இயல்பு மறுபாதி.

இப்பின்னணியில்தான் ப்ரெஷஸின் திருட்டை நோக்க வேண்டும். சமூகநலப் பணியாளர் வைஸின் அலுவலகத்திலிருந்து அவள் தன் கோப்பைத் திருடிச் செல்கிறாள். இச்செயல் குற்றமா? பிறர்பொருளைக் கவர்தல் களவு என்னும் பொதுவிதியை இங்குப் பொருத்தினால், கோப்பு யாருடைய பொருள் என்னும் வினா உடனே எழுகிறது. தாள் அலுவலகத்தினுடையது, கையெழுத்து வைஸினுடையது, அதிலுள்ள துன்பம் ப்ரெஷஸினுடையது. தனிமனிதரின் மறைச்செய்திகள் காக்கப்படுவது அம்மனிதரைப் பிறர் கண்ணிலிருந்து காப்பதற்காக. இங்கோ அச்செய்திகள் பிறர் கண்ணுக்குத் திறந்தும் அவள் கண்ணுக்கு மூடியும் கிடக்கின்றன. பணியாளர் தம் மதிப்பீட்டை அச்சமின்றி எழுத வேண்டுமாயின் சில குறிப்புகள் மறைவாக இருக்கத்தான் வேண்டும் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. வைஸ் தீயவரும் அல்லர். மேரியின் பேச்சைக் கேட்டுக் கண்கலங்குபவர். எனினும் நாவலில் அக்கோப்பு சொல்வது என்ன என்பதைப் பார்த்தால் அவ்வாதம் வலுவிழக்கிறது. இப்பெண்ணுக்கு உயர்நிலைப் பள்ளிக்கு இணையான சான்றிதழ் கிடைக்கச் செய்ய ஆகும் காலமும் பொருளும் மிகுதி. முதியோரையும் நோயாளிகளையும் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இவள் இப்போதே ஏற்றவள் என்பதே அதன் சாரம். ப்ரெஷஸ் கோப்பைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிறாள். பின்னர் அவளிடம் ஏற்கெனவே இருந்த மற்றொரு கண் திறக்கிறது. இருபத்துநான்கு மணிநேரமும் ஒரு வீட்டில் தங்கிக் கிடந்து எட்டு மணிநேரத்துக்கு மட்டும் கூலி பெற்றால் மணிக்கு என்ன தேறும் என்று கணக்கிடும் பேச்சு அங்கே வருகிறது. எண்ணும் எழுத்தும் ஒன்றுசேர்ந்து அவள் வாழ்வைப் பற்றிய முதல் தீர்ப்பை வழங்கும் இடம் இதுவே. மாற்றுப் பள்ளியின் பாடத்திட்டத்தில் இப்படியொரு பாடம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

குறிப்பேடு

கோப்புக்கு எதிர்நிலையில் நிற்பது குறிப்பேடு. வகுப்பில் ஒவ்வொருவரும் நாள்தோறும் எழுத வேண்டும் என்கிறார் ஆசிரியை ரெயின். எழுத்துக்கூட்டல் பிழையாயினும் தாழ்வில்லை. மாணவியர் எழுதியதற்குக் கீழே அவர் மறுமொழி எழுதுகிறார். சஃபையர் தாமே ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் இளைஞர்க்கும் முதியோர்க்கும் எழுத்தறிவு கற்பித்தவர் என்பதால், இவ்வகுப்பறை நாவலில் இயல்பாக அமைந்திருக்கிறது. தொற்று உறுதியான பின், எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று ப்ரெஷஸ் மறுக்கிறாள். அப்போதும் ரெயின் அவளை எழுதத் தூண்டுகிறார். இதனைக் கொடுமை என்றே முதற்பார்வையில் எண்ணத் தோன்றும். இறப்பை எதிர்நோக்கும் சிறுமிக்குப் பயிற்சிப் பாடமா?

மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட அறிவுசார் அநீதி பற்றிய நூல் இங்குத் துணைசெய்கிறது. ஒருவர் தம் அறிவை எடுத்துரைக்கும்போது, அவர் யார் என்பதனாலேயே அவர் சொல்லை நம்ப மறுப்பது ஒருவகை அநீதி என்கிறார் அவர். தமக்கு நேர்ந்ததைத் தாமே விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய சொற்களையும் கருத்துகளையும் சமூகம் வழங்காமல் விடுவது மற்றொரு வகை. ப்ரெஷஸ் இரண்டுக்கும் ஆளானவள். முதல் பிள்ளைப்பேற்றின்போதே தந்தை யார் என்பதை அவள் மருத்துவமனையில் சொல்லிவிட்டதாக நாவல் காட்டுகிறது. அச்சொல் எழுதவும் பட்டது. ஆயினும் அவள் அதே வீட்டுக்கே திரும்ப நேர்ந்தது. கோப்பில் ஏறிய வாக்குமூலம் அவளைக் காக்கவில்லை.

எழுத்துத்தான் அவளுக்கு மனத்தெளிவைத் தந்தது என்று கூறுவதும் பிழையே. எழுத்தறிவின் நன்மைகள் பற்றிய மிகைக்கூற்றுகளை ஹார்வி கிராஃப் 1979இலேயே 'எழுத்தறிவுத் தொன்மம்' எனப் பெயரிட்டு மறுத்தார். எழுத்துக் கற்பதற்கு முன்பே ப்ரெஷஸின் மனம் கூரியது. எள்ளலும் அதனிடம் உண்டு. அடிபடும்போதும் வன்புணரப்படும்போதும் அவள் மனம் பகற்கனவுக்குள் புகுகிறது: சிவப்புக் கம்பளம், விளக்கொளி, புகழ்மாலை. ஒருமுறை தொலைக்காட்சியில் ஓடும் தே சிகாவின் 'இரு பெண்கள்' படத்துக்குள்ளேயே அவளும் தாயும் புகுந்துவிடுகின்றனர். இருவரும் இத்தாலிய மொழியில் உரையாடுகின்றனர்! பிறிதோரிடத்தில் கண்ணாடியில் தன்னையே மெலிந்த வெள்ளைக்காரப் பெண்ணாகக் காண்கிறாள். மனத்தால் தப்பிக்கும் இவ்வாற்றல் எழுத்தறியாதவளிடம் நிறைந்தே இருந்தது.

ஆகவே குறிப்பேடு தந்தது வேறு. கனவில் அவள் வேறொருத்தியாகிறாள்; குறிப்பேட்டில் அவளாகவே இருந்தாக வேண்டும். எழுதியது மறுநாளும் அங்கேயே கிடக்கும். அதனைத் திருத்தலாம், மறுக்கலாம், தொடரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு ஒரு வாசகர் உண்டு. அவ்வாசகர் அவளைப் பற்றி மூன்றாமவர்க்கு எழுதுவதில்லை, அவளுக்கே எழுதுகிறார். எழுத்துக்கு எழுத்தால் மறுமொழி பெறுதல் என்னும் இவ்வுறவே ரெயினின் அறம். நோய்ச்செய்தி வந்த நாளிலும் எழுதச் சொன்னது, அவ்வுறவு அன்றைக்கு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே என்று நான் கருதுகிறேன்.

தாயின் சொல்

படத்தின் மிகக் கடினமான அறச்சிக்கல் ப்ரெஷஸிடம் இல்லை, மேரியிடம் உள்ளது. இறுதியில் வைஸின் மேசைமுன் அமர்ந்து, மகள் சிறு குழந்தையாக இருந்தபோதே தன் காதலன் அவளைத் தீண்டியதையும் தான் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்ததையும் மேரி சொல்கிறாள். அவன் தன்னை விட்டு அவளை நாடினான் என்னும் பொறாமை, தன்னை நேசிக்க இனி யாருண்டு என்னும் ஏக்கம், தன்னை யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது என்னும் தவிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. 2010 மார்ச்சில் துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை மோனிக்குக்குப் பெற்றுத் தந்த நடிப்பில் இக்காட்சியே உச்சம். பார்ப்பவர் மேரியை வெறுக்கவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் திணறுகிறார்.

ஒரு செயலின் காரணங்களை முற்றிலும் விளங்கிக்கொண்டால் அதனை மன்னித்தாக வேண்டுமா? அன்பின்மையால் ஊனமுற்ற ஒருத்தி தன் மகளை ஊனப்படுத்தினாள் என்பது விளக்கம். பொறுப்பு நீங்கிவிட்டது என்பது அதிலிருந்து பெறப்படாது. அதே வீட்டில் அதே வறுமையில் அதனினும் பெருங்கொடுமைக்கு ஆளான ப்ரெஷஸ் தன் குழந்தைகளை அடிக்கவில்லை. மேரியால் வேறுவிதமாக நடந்திருக்க முடியும் என்பதற்கு அவள் மகளே சான்று. ஆனால் இச்சான்றையும் ஓர் எல்லைக்குமேல் நீட்டுதல் ஆகாது. ப்ரெஷஸுக்கு ஒரு ரெயின் வாய்த்தார். மேரியின் பதினாறாம் வயதில் அவளுக்கு யார் வாய்த்தார் என்பதைப் படம் காட்டவில்லை.

ப்ரெஷஸ் மன்னிக்கவில்லை, பழிவாங்கவும் இல்லை. தாய் எத்தகையவள் என்பதை இன்றுதான் உணர்ந்ததாகச் சொல்லி, இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறுகிறாள். வைஸாலும் தன்னைக் கையாள இயலாது என்று அவரிடமும் விடைபெறுகிறாள். மன்னிப்பை அறத்தின் முடிமணியாகப் போற்றும் மரபில் வந்தோர்க்கு இது நிறைவளிக்காமல் போகலாம். கொடுமைக்குள்ளானவரிடம் மன்னிப்பையும் சேர்த்துக் கேட்பது அவர்மீது ஏற்றும் இன்னொரு சுமை என்பதே என் எண்ணம்.

பார்வையாளரின் இடம்

படத்தை எல்லோரும் வரவேற்கவில்லை. விமர்சகர் ஆர்மண்ட் வைட் இதனைக் கடுமையாகச் சாடினார். எழுத்தாளர் இஷ்மாயில் ரீட் 2010 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், கறுப்பினக் குடும்பத்தை இழிவாகக் காட்டும் இப்படம் வெள்ளைப் பார்வையாளர்க்கு உவப்பானது என்று குற்றஞ்சாட்டினார். இத்தகைய நாவல்களுக்குப் பதிப்புலகம் காட்டும் ஆர்வத்தை, பெர்சிவல் எவரெட் 2001இலேயே 'இரேஷர்' என்னும் நாவலில் எள்ளிநகையாடியிருந்தார். அந்நாவல் 2023இல் 'அமெரிக்கன் ஃபிக்ஷன்' என்னும் படமானது. மறுபுறம், தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கரைப் பெற்ற ஜெஃப்ரி ஃபிளெட்சர், திரைக்கதைக்காக அவ்விருதை வென்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கர் ஆனார். எழுத்தறியாத பெண்ணின் கதைக்கு எழுத்துக்கான விருது கிடைத்தது.

இக்குற்றச்சாட்டுகளில் ஒன்றை மறுக்க இயலவில்லை. நாவலின் ஆசிரியை ரெயின் கருநிறத்தவர், சடைமுடியினர். படத்திலோ அப்பாத்திரத்தை வெளிர்நிறமுடைய போலா பேட்டன் ஏற்றார். உதவிக்கு வரும் வைஸாக மரையா கேரியும் செவிலியராக லென்னி கிராவிட்ஸும் நடித்தனர். கொடுமை செய்வோர் கருமையாகவும் கைகொடுப்போர் வெளிர்நிறத்தவராகவும் அமைந்த இத்தேர்வு, கண்ணாடியில் வெள்ளைப் பெண்ணைக் காணும் ப்ரெஷஸின் நோயைப் படமே உறுதிசெய்வதாக ஆகிவிட்டது. இதனைத் தற்செயல் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

மற்றொரு மாற்றம் ஊடகத்தின் இயல்பால் நேர்ந்தது. எனினும் அறம் சார்ந்து அதுவே பெரிது. நாவல் ப்ரெஷஸின் சொந்த எழுத்தில் அமைந்தது. தொடக்கத்தில் எழுத்துக்கூட்டல் சிதைந்தும், அவள் கற்கக் கற்கச் சீர்பெற்றும் செல்கிறது. சில இடங்களில் அவள் குறிப்பேட்டுப் பக்கமும் அதன்கீழ் ரெயினின் விளக்கமும் அப்படியே தரப்பட்டுள்ளன. வாசகர் அவற்றை ஒலித்து ஒலித்துப் பொருள்காண வேண்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டித் தடுமாறும் நிலையை, கற்றறிந்த வாசகரும் சற்றுநேரம் தம் நாவில் உணர்கிறார். திரைப்படத்தில் இது இயலாது. தொடக்கப் பெயர்ப்பட்டியலை அவள் கையெழுத்தில், அவள் பிழைகளோடு எழுதிக் காட்டி, சரியான வடிவையும் உடன்தருகின்றனர். அழகிய உத்திதான். ஆயினும் பிழையைக் கண்டு புன்னகைக்கும் இடத்தில் அது பார்வையாளரை அமர்த்திவிடுகிறது. அதன்பின் கபோரி சிடிபேயின் முகமும் உடலும் திரையை நிறைக்கின்றன. நாம் அவளைப் பார்க்கிறோம், இரங்குகிறோம், மதிப்பிடுகிறோம். வைஸின் நாற்காலிக்கும் நம் நாற்காலிக்கும் தொலைவு அதிகமில்லை.

வேறுபாடு இங்கேயே முடியவில்லை. நாவலில் ப்ரெஷஸின் கதை நின்ற பின்னும் பக்கங்கள் தொடர்கின்றன. வகுப்பு மாணவியர் சேர்ந்து தொகுத்த 'வாழ்க்கைக் கதைகள்' என்னும் தொகுப்பு பின்னிணைப்பாக இடம்பெறுகிறது. ரீட்டா, ரோண்டா, ஜெர்மெயின் ஆகியோர் தத்தம் கொடுமைகளைத் தத்தம் நடையில் எழுதியிருக்கின்றனர். ப்ரெஷஸின் கவிதை ஒன்றும் அதில் உண்டு, அதற்குத் தலைப்பில்லை. அதுவரை வகுப்பில் துணைப்பாத்திரங்களாக அமர்ந்திருந்தோர் அங்கே தம் பெயரோடு ஆசிரியராகின்றனர். படம் ப்ரெஷஸும் இரு குழந்தைகளும் ஹார்லெமின் தெருவில் நடந்து செல்வதோடு முடிகிறது. அத்தொகுப்பின் பக்கங்கள் அதில் இடம்பெறவில்லை.